அண்ணனும் காவலூர்க் கார் பானெட்டும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி இதை எழுதுகிறேன். அண்ணனைப் பற்றிப் பேசச் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போதும் அழுகைதான் வருகிறது.

ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விளைவிக்கும் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. மலையிறங்கிப் போய், ஆரணியில் கார் ஒடுக்கு எடுக்கும் ஒரு டிங்கர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சந்தவாசலில் தகரக் கூரை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார். அம்மாவைக் கடைசிவரை தன்னிடமே வைத்துப் பார்த்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். "நீ படி பாப்பா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்பதைத் தவிர எனக்கு அவர் புத்திமதி எதுவும் சொன்னதில்லை.

புத்திமதியெல்லாம் கார்க்காரர்களுக்குத்தான். காரின் முன்மூடியான பானெட்டை யாராவது நடுவில் கைவைத்து அமுக்கி மூடினால் அண்ணனுக்குப் பொறுக்காது. "இன்னாங்க, மாவா பெசையிறீங்க? ஒரு சாண் ஒசரத்துக்கு எறக்கி வுட்டுட்டு கைய எடுங்க, தானா மூடிக்கும்" என்பார். என் திருமணத்தில் தாலி கட்டும் நேரம் அவரைக் காணோம். தேடிப் போனால், மண்டப வாசலில் யாரோ கார் பானெட்டின்மேல் பரப்பி வைத்த சீர்வரிசைத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்! அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பானெட்டில் விழுந்த ஒடுக்கைப் பெயிண்ட் உடையாமல் எடுப்பதில் அண்ணனுக்கு அப்படியொரு பெருமை. மேலே வலது உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகு அடியிலிருந்து துணி சுற்றிய மரச் சுத்தியால் மெல்லத் தட்டுவார். அண்ணி பக்கத்தில் விளக்குப் பிடிப்பார். தட்டுவதும் தடவுவதுமாகப் பொழுது போகும். கண்ணை நம்பமாட்டார், கையைத்தான் நம்புவார்.

காவலூர்ப் பக்கம் விவசாயி ஒருவர். அண்ணன் அவரை மாமா என்று அழைப்பார். புளி உலுக்கும் நாளில் அந்த மாமா தன் காரை நிழலுக்காக மரத்தடியில் விட்டிருக்கிறார். உலுக்கி முடித்து, எப்போதும் குதிக்கிற கிளையிலிருந்து எப்போதும் போலக் குதித்துவிட்டார். கீழே பானெட். இரண்டு காலுக்கும் இரண்டு குழி. "ஏணி வாங்குறதுக்கு பதிலா கார வாங்கிட்டீங்களா மாமா?" என்று கேட்டு அண்ணன் அவரையே சிரிக்க வைத்தார்.

பானெட்டைக் கழற்றி, இரண்டு முக்காலிகளின்மேல் வைத்து, ஒரு குழியை எடுத்து முடித்தார். மறுநாள் காலை அடுத்ததைத் தொடப் போனவர் பட்டறையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது.

வேறு பட்டறையில் கொடுத்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னோம். "அவரே எடுக்கட்டும். அதுவரைக்கும் நான் பஸ்ல போய்ட்டு வர்றேன்" என்றார். அதைக் கேட்ட நாள் முதல் அண்ணனுக்கு அந்தக் கார் ஒன்றே நினைப்பு. அதை முடித்துவிட்டால் மற்ற வேலையும் செய்துவிடலாம் என்று நம்பினார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் நானும் அண்ணியும் இருபுறமும் தாங்கிக்கொள்ளப் பட்டறைக்கு வந்தார். வலது கையை இடது கையால் தூக்கிப் பானெட்டின்மேல் வைத்துத் தடவினார். "இங்க ஒடுக்கே இல்லியே" என்றார்.

குழி அப்படியே இருந்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை அண்ணன் பார்த்துவிட்டார்.

"பாப்பா, நீ சொல்லு. குழி இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

இடது கையால் தடவிப் பார்த்தார். "இந்தக் கைக்கு இன்னா தெரியும்?" என்று எடுத்துவிட்டார். பிறகு குனிந்து இடது கன்னத்தைத் தகரத்தில் வைத்து, மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நின்றார்.

"இங்க தட்டு" என்றார் அண்ணியிடம்.

"எனக்கு இன்னாங்க தெரியும்?"

"இத்தினி வருசம் லைட்டு புடிச்சல்ல? நீ தட்டும்மே."

அண்ணி அடியில் உட்கார்ந்து தட்டினார். அண்ணன் கன்னத்தை எடுக்காமல், "மெதுவா... தள்ளி... அங்கதான்" என்று குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறுவதற்குள் குழி எழும்பிவிட்டது. அண்ணன் நிமிர்ந்தபோது தகரம் ஈரமாக இருந்தது. அந்த வாரமே மறுபடி பக்கவாதம் வந்தது. இந்த முறை அண்ணன் பிழைக்கவில்லை.

அண்ணனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், படவேட்டிலிருந்து தினமும் வந்து கைகால் பிடித்துவிட்ட உறவினருக்கும், பந்தல் முதல் பந்தி வரை தங்கள் வீட்டுக் காரியம்போல் ஓடியாடிப் பார்த்த சந்தவாசல் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கழற்றிய பானெட்டை மாட்டிக் கொடுத்த பக்கத்துப் பட்டறைத் தம்பிக்கும் நன்றி.

அத்தனை மாதம் காரில்லாமல் காத்திருந்த காவலூர் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வண்டியை எடுக்க வந்தார். அதுவரை அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சிலர் பேசியதும் எங்கள் காதில் விழுந்தது.

மாமா பானெட்டைப் பார்த்துவிட்டு, "இதுல அவரு எடுத்தது எதும்மா, நீ எடுத்தது எது?" என்று கேட்டார்.

அண்ணி காட்டுவதற்காகக் கை வைத்தார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். குனிந்து கன்னத்தை வைத்தும் பார்த்தார். அடியில் உட்கார்ந்து தட்டிய இடம் மேலிருந்து பிடிபடவில்லை; இரண்டு குழியும் இருந்த சுவடே இல்லை. அப்போதுதான் அண்ணி அழுதார்.