பையைப் பல்லில் கவ்விய நாள்

பொரித்த கோழி விற்கிற கடையில் கோழிக்கு அடுத்தபடியாக வேகிறவர்கள் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்கள்தான். தொப்பியும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு ஒரு நாளாவது நின்றிருந்தால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் முதல் நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு எட்டு மாதமாகப் படகு ஏறவில்லை. நான் பழவேற்காடு ஏரியில் கையால் தடவிப் பிடிக்கிற இறாலும் வரவரக் குறைந்துபோனது. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்றுதான் கோட்டைக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் பொன்னேரி சாலைக் கடைக்குப் போனேன். மேனேஜர் சதீஷுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். பெயரைக்கூடக் கேட்காமல் சொன்னார்: “இன்னிக்கு உனக்கு டிரையல். ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தாலும் நாளைக்கு வர வேணாம்.”

கை பார்க்கும் படலம்

முதலில் கையை நீட்டச் சொன்னார். இறால் கொம்பு குத்திய வடு, சிப்பி கிழித்த வடு எல்லாம் இருந்தன. முகம் சுளித்து, ஐந்து நிமிடம் சோப்பு போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தால் வடு போகுமா? இருபது வருஷமாகச் சேற்றில் கையை விட்டு இறால் பிடிக்கிறேன். அந்த இறாலைத் தொக்கு வைத்துச் சாப்பிடுகிறவர்கள் யாரும் பிடித்த கையைக் காட்டச் சொன்னதில்லை.

கோபத்தை விழுங்கிக்கொண்டு நீலக் கையுறையை மாட்டினேன். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்கிற லட்சுமி, காட்டூர்க்காரி, தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். வரிசையாக எண்ணெய் தெறித்த தழும்புகள். “கவலப்படாதக்கா, ஒரு மாசத்துல இந்தக் கடையும் உனக்கு வடு போட்டுடும். அத இவரு இன்னானு கேக்க மாட்டாரு.”

வாடை

மதியம் ஒரு சென்னைக் குடும்பம் வந்து உட்கார்ந்தது. ஏரியில் படகுச் சவாரி போய்விட்டுத் திரும்புகிறவர்கள். நான் தட்டை வைத்ததும் அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மீன் வாடை தாங்கல. இந்த ஊர் ஆளுங்களையெல்லாமா வேலைக்கு வைப்பாங்க?” என்றார். சதீஷ் தலையைத் தூக்கிப் பார்த்தார். காலையில் இரண்டு முறை குளித்துவிட்டு வந்திருந்தேன்.

குனிந்து பார்த்தேன். அந்த அம்மாள் நாற்காலிக்கு அடியிலேயே ஒரு கறுப்புப் பை, அதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டில் வாங்கிய நண்டு. விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். பேசியிருந்தால் அத்தோடு வேலை போயிருக்கும். மன்னிப்பு வரும் என்று நினைத்தீர்களானால் நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. பையைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டி அந்த அம்மாள் கேட்டது இதுதான்: “நீ இந்த ஊர்தானே, இதுல சதை இருக்கா, ஏமாத்திட்டானுங்களா, கொஞ்சம் பாத்து சொல்லேன்.”

பல்

அடுத்து நான் செய்த தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். ஏரியில் இறால் தடவும்போது இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியை வாயில்தான் கவ்விக்கொள்வோம். வருஷக்கணக்கில் பழகிவிட்டதால், கை இரண்டும் நிறைந்தால் வாய் தானாகத் திறந்துவிடும்.

மூன்று மணிக்குக் கூட்டம் அலைமோதியது. மெஷின் கத்துகிறது, சதீஷும் கத்துகிறார். ஒரு கையில் கூல்டிரிங்ஸ் தட்டு, இன்னொரு கையில் கோழிப் பெட்டி, மேலே இருந்த காகிதப் பை நழுவியது. நான் யோசிக்கவே இல்லை. பையின் காதைப் பல்லில் கவ்விக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ இன்னா நாயா, வாயில கவ்வினு வர? வாய் பட்டது எனக்கு ஆவாது!” என்று கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் தப்பு என்னுடையது, அதனால் மன்னிப்புக் கேட்டேன். சதீஷ் அவரிடம் கும்பிடு போட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக் கொடுக்கச் சொன்னார். கட்டிக் கொடுத்தேன். என் வாய் பட்ட பையைக் குப்பைக்கு எடுத்துப் போனபோது அந்த மனிதர் கூப்பிட்டார்: “அத ஏன் வீணாக்கற? அதையும் இதுகூட வை.”

தீர்ப்பு

சாயங்காலம் ஐந்தரைக்குச் சதீஷ் கூப்பிட்டார். “கம்ப்ளெய்ண்ட் ஆயிடுச்சு. தொப்பியக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பு” என்றார். காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. அதுவரை அவரைச் சார் போட்டுக் கூப்பிட்டவள், ஒருமைக்கு இறங்கினேன்.

“கழட்டறேன். அதுக்கு முன்னாடி கம்ப்ளெய்ண்ட்ட முழுசா எழுது. அந்த ஆளு என்னை நாய்னு சொன்னத எழுது. வாய் பட்டது ஆவாதுனு கத்திட்டு, அதையும் சேத்து எடுத்துனு போனத எழுது. நீ கும்பிடு போட்டத எழுது. எழுதிட்டு உங்க ஆபீசுக்கு அனுப்பு. நான் போயிடறேன்.”

சதீஷ் பேனாவை எடுத்தார், எதையும் எழுதவில்லை. வீட்டில் படுத்திருக்கிற மனிதரிடம் என்ன சொல்வது என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் சட்டிப் பக்கமிருந்து லட்சுமி குரல் கொடுத்தாள். “சார், நாளைக்கு ஞாயித்துக்கெழம. அந்தக்காவ அனுப்பிட்டா கோழிப் பெட்டிய யாரு தூக்கறது, நீங்களா?”

அவர் தன் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த பதினோரு விதிகளுக்குக் கீழே பேனாவால் இன்னொன்று எழுதினார்: எந்தப் பொருளையும் வாயில் கவ்வக் கூடாது. என் பக்கம் திரும்பாமலே, “நாளைக்கு ஒம்போதுக்கு வந்துடுங்க” என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது, கடைக்கு ஒரு விதி கிடைத்தது. வேலை செய்கிறவர்களை நாய் என்று சொல்லக் கூடாது என்ற பதின்மூன்றாவதை எழுத மட்டும் அந்தச் சுவரில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.