ஸ்கேன் குழாய்க்குள் என் காலைப் பிடித்த கை

பால் வாளி என் கையிலிருந்து நழுவி விழுந்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. சென்ற ஆடி மாதம். அதற்கு முன்பே இரண்டு கை விரல்களும் மரத்துக்கொண்டுதான் வந்தன. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. சூடான சோற்றைப் பிசைந்தாலும் சூடு தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் வயல், நான்கு மாடு. நான் படுத்துவிட்டால் எதுவும் ஓடாது. ஆனால் அன்று கட்டுத்தரை முழுக்கப் பால் ஓடியது. வாளி நழுவியதே என் கைக்குத் தெரியவில்லை.

பாலக்காட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். கழுத்து எலும்புக்குள் நரம்பு நசுங்குகிறது, கட்டியாகவும் இருக்கலாம் என்றார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் ஆபரேஷனைத் தீர்மானிக்க முடியும். தள்ளிப்போட்டால் நடையும் போய்விடும்.

கட்டி என்ற சொல்லுக்குக்கூட நான் அவ்வளவு நடுங்கவில்லை. முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்களே, அதற்குத்தான் நடுங்கினேன்.

என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு இந்தத் தொல்லை. பொழுது சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழே, உள்ளுக்குள், யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். வலி இல்லை. ஆனால் காலை ஆட்டாமல் இருக்க முடியாது. ஆட்டினால் போகும், நிறுத்தினால் வந்துவிடும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரர் உதை வாங்கி வாங்கிச் சலித்துப்போய், முன்னறைக்குப் படுக்கையை மாற்றிப் பல வருஷம் ஆயிற்று. “காலு ரெண்டையும் வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டயா?” என்பார். நானும் அதை என் கெட்ட பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

ஸ்கேனுக்கு சாயங்காலம்தான் நேரம் கிடைத்தது. தாலிக்கொடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். மெட்டி வரவில்லை, சோப்புப் போட்டு இழுத்தார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். தூங்கிவிட்டால் பிழைத்தேன் என்று, வீட்டில் கிடந்த அலர்ஜி மாத்திரை ஒன்றை யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருந்தேன்.

முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். கையில் ஒரு ரப்பர் உருண்டை. தாங்க முடியாவிட்டால் அமுக்க வேண்டும். பலகை என்னைக் குழாய்க்குள் கொண்டுபோனது. மூக்குக்கு மேலேயே கூரை. கண்ணை மூடிக்கொண்டேன். தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம் தொடங்கியது.

முருகா, முருகா என்று எண்ணினேன். நூறுகூட வரவில்லை. காலில் நூல் இழுத்தது. பல்லைக் கடித்தேன். அசைக்காதே என்று நினைக்க நினைக்க இழுப்பு தொடைக்கு ஏறியது. முருகா, இந்தக் காலை நிறுத்து. இந்த ஒரு தடவை நிறுத்து. அவன் நிறுத்தவில்லை. முழங்கால் தானாக எகிறிக் குழாய் விளிம்பில் இடித்தது.

காதில் ஒரு பெண்ணின் குரல். ஸ்கேன் எடுக்கிற மலையாளப் பெண். “சேச்சி, அனங்ஙருது கேட்டோ. அசைஞ்சா படம் எல்லாம் கலங்கிப் போகுது.”

மறுபடியும் தொடங்கினார்கள். மறுபடியும் கால். மூன்றாம் தடவை மூச்சே நின்றுவிட்டது போல இருந்தது. மண்ணுக்குள் உயிரோடு வைத்த மாதிரி. உருண்டையை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்தால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் தாலிக்கொடியை என் கையில் வைத்துவிட்டு, “சும்மா படுக்கறதுக்குக் கூடவா உனக்குத் தெம்பில்ல?” என்றார்.

அந்த வாரம் கிருத்திகை. நாம் எல்லோரும் கூடுகிற நம் முருகன் மலைக்கோயிலுக்கு வந்தேன், ஆனால் படி ஏறவில்லை. கோபம். எத்தனை வருஷம் பால்குடம் எடுத்த கால் இது, இதை ஒரு முக்கால் மணி நேரம் கட்டிப்போட உன்னால் முடியவில்லையா என்று அடிவாரத்திலேயே நின்று கேட்டேன். உட்காரக்கூட முடியாமல் நடந்துகொண்டே அழுதேன். அழுது ஓய்ந்த பிறகு வாயிலிருந்து வேறு மாதிரி வந்தது. “காலு இப்படியே இருக்கட்டும் சாமி. இந்தக் காலோடயே என்னைய உள்ள கூட்டிட்டுப் போயி வெளிய கூட்டிட்டு வந்துரு. தனியா மட்டும் உட்றாத.”

மூன்றாம் நாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்கேன் எடுத்த அந்தப் பெண் அவரிடம் சொல்லியிருக்கிறாள், அந்தச் சேச்சிக்குப் பயம் மட்டுமல்ல, காலில் ஏதோ இருக்கிறது என்று. அவள் என்னைத் திட்டியதாகத்தான் நினைத்திருந்தேன்.

“சாயங்காலம் ஆனா கால் உள்ளுக்குள்ள இழுக்குமா? எழுந்து நடந்தா சரியாகுமா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அழுதேன். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். “அம்மிணி, இது நோவுங்களா? நானு இவ ராங்கின்னில்ல நெனச்சுட்டு இருந்தனுங்க.”

நோய்தான் என்றார் டாக்டரம்மா. அதற்கு ஒரு பெயரும் மருந்தும் உண்டாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இரும்புச்சத்து மிகவும் குறைவு. நான் விழுங்கிய மாத்திரையைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். அந்த மாதிரி மாத்திரை கால் இழுப்பைக் கூட்டிவிடுமாம். இந்த முறை காலையில் முதல் ஆளாக ஸ்கேன், கடைசி நிமிஷம் வரை நடக்க வேண்டும், நடுவில் வெளியே எடுத்து இரண்டு பகுதியாக எடுக்கலாம் என்றார். “ஒருத்தர் கூட நின்னு காலை அமுக்கிப் பிடிச்சுக்கலாம். யார் வருவாங்க?”

என் தங்கையைச் சொல்ல வாயெடுத்தேன்.

“நா நிக்கறனுங்க” என்றார் அவர்.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவருடைய வெள்ளி அரைஞாண் கொடியின் பூட்டு இறுகிப்போய்க் கழலவே இல்லை. குறடு கேட்டு வாங்கி, வெட்டி எடுத்துவிட்டு வந்தார். பெண்டாட்டியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, காதில் பஞ்சோடு, அந்நியர் முன்னால் நின்றார்.

மறுபடியும் அதே கூண்டு, அதே கூரை, அதே சம்மட்டி. அவரை என்னால் பார்க்க முடியாது. பேசினாலும் கேட்காது. குழாய்க்கு வெளியே நீண்டிருந்த என் உள்ளங்காலில் இரண்டு கை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்தது. அது கிளம்பிய இடத்திலேயே அந்தக் கை அழுத்தியது. சத்தம் நிற்கும் இடைவெளிகளில், “இப்ப கால் விரல் ஆட்டிக்கோ சேச்சி, கழுத்து மட்டும் வேண்டாம்” என்று அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

பாதியில் வெளியே எடுத்தார்கள். அறைக்குள்ளேயே நாலு நடை. பிறகு படம் தெளிய ஊசியில் மருந்து ஏற்றி மறுபடியும் உள்ளே. அந்த இரண்டாம் பகுதிதான் கொடுமை. கால் முழுக்க இழுத்தது. வெளியே ஓட வேண்டும், கூண்டைப் பிய்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. உருண்டையின் மேல் விரல் வைத்துவிட்டேன். அப்போது என் முழங்காலுக்குக் கீழே முழுப் பாரமும் வந்து அமர்ந்தது. அவர் குனிந்து நெஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தார்.

முருகா, வந்துட்டயா என்று நினைத்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

இழுப்பு நிற்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கடைசிவரை இருந்தது. ஆனால் நான் தனியாக இல்லை. நான் கேட்டது அதைத்தான்.

“கழிஞ்ஞு சேச்சி, முடிஞ்சுது, படம் நல்லா வந்திருக்கு” என்று அந்தப் பெண் சொன்னபோது, நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

கட்டி இல்லை. கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகி நரம்பை அமுக்கியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தைப்பூசத்துக்கு நானே பூ கட்டினேன். இடது சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இரும்பு ஏற ஏறக் காலும் அடங்கி வருகிறது. சில சாயங்காலம் இழுக்கும். அப்போது நான் கேட்காமலேயே அவர் வந்து உட்கார்ந்து பாதத்தை அமுக்குவார். யாராவது சிரித்தால், “அது நோவுங்க, உங்களுக்குத் தெரியாது” என்பார்.

முன்பெல்லாம் இதைக் கொடு, அதை எடு என்று சாமியிடம் வேண்டுவேன். இப்போது என் கஷ்டத்தை உள்ளபடி சொல்கிறேன். அவனிடமும் சொல்கிறேன், டாக்டரிடமும் சொல்கிறேன். அவன் எந்த ஆளை அனுப்புவான் என்று நமக்குத் தெரியாது. மலையாளம் பேசிக்கொண்டும் வருவான், நம் வீட்டு முன்னறையிலிருந்தும் வருவான்.

உங்களில் யாராவது இப்படி வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பூஜையில் பின்னால் நின்றுகொண்டிருக்கலாம். அடுத்த கிருத்திகைப் பூஜையில் முன் வரிசைக்கு வாருங்கள். கால் ஆடினால் ஆடட்டும், என் பக்கத்தில் உட்காருங்கள்.