காலித் தட்டும் கோழி எலும்பும்

ரூசே நகரின் எங்கள் யூத ஜெபக்கூடத்தில் வெள்ளிக்கிழமை விருந்து நடக்கிறதென்றால் அதற்கு ஸ்ட்ரேயாதான் காரணம். ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரார் கடைவாய்ப் பல்லையெல்லாம் பிடுங்கியவளால் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிடமிருந்து ஒரு சின்ன நிதியை முழுசாகப் பிடுங்க முடியவில்லை. பாதி கொடுத்துவிட்டார்கள். மீதிக்கு, விருந்து நடந்ததைக் காட்டும் புகைப்படம் வேண்டுமாம். மீதிப் பணம் வராவிட்டால் குளிர்காலத்தில் விருந்து கிடையாது. தனியாக இருக்கும் முதியவர்கள் அவரவர் வீட்டில் ரொட்டியை மென்றுகொண்டு சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

படம் எடுப்பது பெரிய வேலையா? விருந்துக்கு வரும் கிழவர்களில் ஒருவரான சபெதாய் மாமா இருக்கும் இடத்தில் பெரிய வேலைதான். மற்ற நாளில், யூதர் தொடக்கூடாத பன்றியிறைச்சியா என்றுகூடக் கேட்காமல் சாசேஜை உள்ளே தள்ளுவார். ஆனால் வெள்ளி மாலை மெழுகுவத்தி ஏற்றி, எந்த வேலையும் செய்யக்கூடாத ஓய்வுநாளான சபாத் பிறந்துவிட்டால் கேமரா கண்ணில் படக்கூடாது.

“படம் புடிச்சீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்றார். வரமாட்டார்தான். அப்படிப்பட்ட வீம்பு.

எனவே வெள்ளிக்கிழமை, மெழுகுவத்தி ஏற்றுமுன் ஸ்ட்ரேயா எல்லோரையும் முள்கரண்டியோடு உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். பதில் வந்தது: தட்டுகள் காலியாக உள்ளன. மெழுகுவத்தி எரியவில்லை. உணவருந்தும் படம் தேவை.

சரி என்று அடுத்த வியாழக்கிழமையே ஒத்திகை மாதிரி ஒரு விருந்து வைத்தாள். உருளைக்கிழங்கு உரித்தே என் கை மரத்துப்போனது. மாமா கோட்டு சூட்டு போட்டுவந்து அரைக் கோழியை முடித்தார். மறுநாளும் வந்தார், முந்தின நாள் சாப்பிட்ட நினைப்பே இல்லாமல்! அறக்கட்டளை எழுதியது: படத்தின் தேதி வியாழன். நிதி சபாத் விருந்துக்கானது. விளக்கம் தருக.

“யூதர்களுக்குன்னே அறக்கட்டளை நடத்துறாங்க, சபாத்துல படம் எடுக்கமாட்டோம்னு இவங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா ரெபெக்கா?” என்று ஸ்ட்ரேயா தலையில் அடித்துக்கொண்டாள்.

“பேசாம வெள்ளிக்கிழமை நைசா ஒண்ணு எடுத்துருடி. கிழவருக்கு என்ன தெரியப்போகுது?” என்றேன் நான்.

அந்த வெள்ளி போனை மடியில் வைத்திருந்தாள். மாமா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். எடுத்திருந்தால் யாருக்கும் தெரியாது. எடு என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒரு எச்சில் தட்டு கிடந்தாலே தூக்கம் வராதவள், அன்று எதையும் கழுவவில்லை. சனி மாலை நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்ததும் மேசையை அப்படியே படம் எடுத்தாள்: எலும்பு, சிந்திய மது, உருகித் தீர்ந்த மெழுகுவத்தி.

பதில் வந்தபோது மாமாவும் கூடத்தில் இருந்தார். ஸ்ட்ரேயா சத்தமாகப் படித்தாள்: படத்தில் ஆட்கள் இல்லை. மீதி நிதி வழங்கப்படாது. விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது.

“சாப்பிட்டவன் ராத்திரி பூரா அங்கேயேவா உக்காந்திருப்பான்? முட்டாப் பசங்க!” என்று மாமா சிரித்தார்.

உங்களால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்ட்ரேயா என் காலை மிதித்தாள்.

“அது கெடக்கட்டும். வர்ற வெள்ளிக்கு என்ன சமையல்? போன வாரக் கோழி அருமை. அதையே பண்ணும்மா.”

“பண்ணிட்டாப் போச்சு மாமா” என்றாள்.

எதை விற்றுப் பண்ணப்போகிறாளோ, எனக்குத் தெரியவில்லை.