'எதுவும் இல்லை' என்று காட்டிய கார்டு

2003, 2004 வாக்கில் டெல்லியில் நடந்தது இது. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் அப்பா அம்மாவோடு இருந்தேன். நேரு பிளேஸில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தனியார் மருத்துவமனை ஒன்று, நோயாளிகளின் விவரங்களை ஸ்மார்ட் கார்டில் பதிந்து கொடுக்க முடிவு செய்தது. அதற்கு புரோகிராம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபத்து நாலு வயதுப் பெண்ணான எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்தக் கார்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அதிலிருக்கும் சிப் தானாக எதையும் செய்யாது. எந்த ஃபைல், எந்த இடத்திலிருந்து, எத்தனை எழுத்து என்று கட்டளை கொடுத்தால் படித்துக் காட்டும். எழுதச் சொன்னால் எழுதிக்கொள்ளும். முடித்ததும் 9000 என்று பதில் அனுப்பும். 'நீ சொன்னதைச் செய்துவிட்டேன்' என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் அதை 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஐம்பது அறுபது பேருக்குக் கார்டு கொடுத்தார்கள். ஜனவரிக் குளிரில் ஒரு காலை, என் புரோகிராம் வேலை செய்யும் அழகைப் பார்க்கப் போனேன். ஊசி போடும் அறையில் இருந்த நர்ஸ் நாகர்கோவில்காரி. என் வயதுதான் இருக்கும். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டதும், "தமிழா? வா மக்கா, ஹீட்டர் பக்கத்துல நில்லு" என்று இடம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் கண்டக்டர் டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார். காலில் சீழ் வைத்த புண். டாக்டர் அவருடைய கார்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். 'ஒவ்வாத மருந்து: எதுவும் இல்லை' என்று காட்டியிருக்கிறது. பென்சிலின் ஊசி எழுதிவிட்டார். இந்த அறையில் இருந்த திரையும் அதையேதான் காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். மருந்தை எடுக்கும் முன் அவரிடம் இந்தியில், "அண்ணே, இந்த ஊசி போட்டு முன்னாடி எப்பவாவது உடம்புக்கு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சே. மூச்சு நின்னு, பொழைச்சதே பெரிசு. அதான் கார்டுல எழுதியிருக்கே, நான் வேற எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்" என்றார் அவர்.

கார்டை வாங்கி ஓர் ஓரமாக உட்கார்ந்து, உள்ளே இருப்பதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். மோதி பாக்கிலிருந்து அவர் வீடு மாறியிருந்தார். போன வாரம்தான் கவுன்டரில் புது முகவரியை ஏற்றியிருக்கிறார்கள். அது நீளமான முகவரி. எத்தனை எழுத்து என்று என் புரோகிராம் சரிபார்க்கவில்லை. முகவரியின் வால் நீண்டு, அடுத்து இருந்த பென்சிலின் குறிப்பை அழித்திருந்தது. கார்டும் பணிவாக 9000 சொல்லியிருக்கும். போதாததற்கு, அந்த இடத்தில் புரியாத எழுத்து இருந்தால் 'எதுவும் இல்லை' என்று காட்டும்படி எழுதி வைத்தவளும் நான்தான்.

கார்டு படிக்கும் மெஷின் பழுது என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, அழுகைதான் வந்தது.

"எதுக்கு அழுக? ஊசி போடலைல்லா" என்றாள் நர்ஸ். "இதே மாதிரி இன்னும் எத்தன பேருக்கு ஆயிருக்குன்னு பாரு. ஜல்தி. டாக்டர்ட்ட நீயே போய்ச் சொல்லிரு."

சொன்னேன். கண்டக்டருக்கு வேறு மருந்து எழுதிய கையோடு டாக்டர் திட்டிய திட்டில் காது கூசியது. அன்றே கார்டுகளை நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து நோயாளிகளை ஒவ்வொருவராக வரவழைத்தோம். தன் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் பழைய காகித ஃபைல்களைப் பார்த்து வாசிக்க, நான் கார்டைப் படித்து ஒப்பிட்டேன். மூன்று நாள் ஆயிற்று; அதற்குள் புரோகிராமையும் திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு பேருடைய குறிப்பு அழிந்திருந்தது. இதெல்லாம் அவளுடைய வேலையே இல்லை. நன்றி சொன்னால், "போ பிள்ளே" என்று சிரித்துவிடுவாள்.

அந்த கண்டக்டர் கடைசி நாள் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, என் தப்பு என்று மன்னிப்புக் கேட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டி, "அச்சா மகளே, இந்தத் தடவை சரியா எழுதிக் குடு" என்றார். எழுதினேன். 9000 வந்தது. அதோடு விடாமல், கார்டிலிருந்தே திரும்பப் படித்து, ஒவ்வொரு வரியாக அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பென்சிலின் என்ற சொல் வந்ததும் தலையாட்டினார்.

என்னால் செத்துப் போயிருக்க வேண்டிய ஒருவர் என்னை நம்பி மறுபடியும் கார்டை நீட்டினாரே, அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றுவரை புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.