காது மெஷினுக்குள் ஓர் அடைப்புக்குறி

நிரல் எழுதும்போது, ஒரு வகைப் பாயிண்டரை இன்னொரு வகையாக மாற்றும் வரி வந்தால் மட்டும் அவள் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவள் மாதிரி. திரையை ஒருமுறை பார்த்த பிறகுதான் வகையை மாற்றும் அந்த அடைப்புக்குறியைத் தட்டுவாள்.

"என்ன, அடைப்புக்குறி அம்மா தியானத்துல உக்காந்தாச்சா?" என்பான் பக்கத்து மேசைக்காரன்.

"நிரலைச் சரிபாக்கற கம்பைலர் கத்துதுன்னா காரணம் இருக்கும். நீ ஒரு அடைப்புக்குறி போட்டு அதோட வாயப் பொத்திட்டா உள்ள இருக்கறது மாறிடுமா?" என்பாள் அவள்.

காது மெஷின் செய்யும் சின்ன நிறுவனம் அது. மைக்கில் விழும் ஒலி, பைட் பைட்டாக நினைவகத்தில் வந்து சேரும். அந்த இடத்தைக் காட்டும் பாயிண்டரின் வகையை மாற்றிவிட்டால், இரண்டிரண்டு பைட்டைச் சேர்த்து ஓர் எண்ணாகப் படித்துவிடலாம், வேகம் கிடைக்கும். மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலாளர் தலைமேல் நின்ற ஒருநாள், அவள் கையை எடுக்காமலே தட்டிவிட்டாள். சோதனையில் எல்லாம் ஓடியது.

முதலில் வந்த மெஷின்களில் ஒன்று அவள் அண்ணனுக்கு. அவர்கள் தெருவிலேயே சாவி செய்யும் கடை வைத்திருந்தான். "மிச்சமிருக்கற காது ஒரு வருஷம் தாங்கினா பெரிசு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷத்தை அவனுக்கு முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் வாரம் குழாய் சொட்டுவதுகூட அவனுக்குக் கேட்டது. "இந்த வீடு இவ்ளோ வாயாடின்னு தெரியாதே பாப்பா" என்று சிரித்தான். அப்புறம் என்னவோ ஆயிற்று. மாலையில் அவள் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் சரியாகப் பதில் சொல்வான். பிறகு வெறும் தலையாட்டல்.

"நான் என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்."

"ம்ம்... சரிதான்."

"என்ன சரிதான்? எங்க மேலாளர் வீடு தீப்பிடிச்சிருச்சுன்னேன்!"

"நல்லது பாப்பா."

முதலில் சிரிப்பு வந்தது. போகப் போக, தன் கதை அவனுக்கு அலுத்துவிட்டது என்று அவளாகவே பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்து, அலுவலக மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு காது மெஷின் போர்டு அப்படியே உறைந்து நின்றது. இரண்டிரண்டு பைட்டாகப் படிக்க அதிலிருந்த சில்லுக்கு நினைவகத்தில் இரட்டைப்படை முகவரி வேண்டும். ஒலி எப்போதாவது ஒற்றைப்படை முகவரியில் வந்து விழுந்தால் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் மறுநொடியே ஓடும். வாங்கிய மற்றவர்கள் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேடிக்கொண்டு போனால், அன்று அவள் கையை எடுக்காமல் தட்டிய வரி.

திருத்தி, அன்றைக்கே அண்ணன் மெஷினில் ஏற்றி, காதில் மாட்டிவிட்டாள். முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டாள். "அண்ணா." அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

மெஷினில் குறை இல்லை, காதில்தான் இனி ஒன்றும் மிச்சமில்லை என்றார் டாக்டர். ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே அண்ணன் புரிந்துகொண்டான். "விடு பாப்பா. கேட்ட வரைக்கும் போதும்."

கடையைக் காலி செய்யப் போன அன்று, பக்கத்துத் தையல்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மெஷின் நின்று நின்று போவது அண்ணனுக்கு முதல் மாதமே தெரியுமாம். "ஓய்வு குடுத்தாத்தான் அது ஓடும்னு நெனச்சாரும்மா. பகல் பூரா கழட்டி டிராயர்ல வச்சிருவாரு. வர்றவங்ககிட்ட எல்லாம் சைகைதான். உங்க பஸ் தெரு முனையில திரும்பறதப் பாத்த பெறகுதான் எடுத்துக் காதுல மாட்டுவாரு."