ஆற்றில் நடந்து பழகியவர்கள்

ஆறு என்றால் உள்ளங்காலைப் பொரிக்கும் மணல் என்றே ஒன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் செல்லூரில் பிறந்து, வைகைக்குள் கிரிக்கெட் ஆடி, அக்கரைக் கடைக்கு அதன் குறுக்கே நடந்துபோய் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்பது சித்திரைத் திருவிழாவுக்கு வந்துபோகும் விருந்தாளி. ஆறுகள் "பாய்கின்றன" என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். தறிப்பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்கும் இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய ஞானம் இருந்ததாகச் சொல்ல முடியாது. இந்தத் தகுதியோடுதான் நாங்கள் இருவரும் ஒரு மார்கழியில் கடல் பார்க்கக் கிளம்பினோம். அம்மா ஊரிலேயே இருந்துவிட்டார்.

அப்பாவின் தங்கையான என் அத்தை, தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் டீக்கடை வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து பார்த்தால் கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறத் தரை, உப்புப் பூத்து, வற்றிய கண்மாய் போலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. அது "பூநாரை"க் கூட்டம் என்றார் அத்தை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணே, அது தரையில்லண்ணே," என்றார் அத்தை, பாத்திரம் விளக்கியபடியே. "கடல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அம்புட்டுத்தான்."

"நாங்க ஆத்துக்குள்ளயே நடந்து பழகுன ஆளுக, தாயி," என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வழியில் கணுக்கால்கூட நனையாத ஓர் ஓடையைத் தாண்டினோம். அதுவரை காலடியில் நொறுங்கிக்கொண்டிருந்த உப்பு, அதற்கப்பால் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் காலடித் தடங்கள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் மினுங்கியது, யாரோ பின்னாலேயே வந்து ஊற்றிவிட்டுப் போனதுபோல. முன்னால் அந்த வெள்ளைக் கோடு, காரணமே இல்லாமல், மொத்தமாக எழுந்து பறந்தது. வாடைக்காற்று குத்தியது. கடல் என்றால் இரைந்துகொண்டு முன்பக்கமாக வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். அது ஓடை வழியாக, சத்தமில்லாமல், பாய் விரிப்பதுபோல எங்களுக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்திருந்தது.

அப்பா பதறித் திரும்பியதில் ஒரு கால் முழங்கால் வரை இறங்கியது. அதை இழுக்க ஊன்றிய மறுகால் தொடை வரை போனது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"நீ ஓடிப்போயி அத்தையக் கூப்புடு. நான் வாரேன்."

பஸ்ஸைத் தவறவிட்டவர் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். கணுக்காலை நனைக்காத ஓடை இப்போது என் இடுப்புக்கு மேல் ஓடியது. அழுதுகொண்டே அதைக் கடந்தேன்.

மாமாவும் மூன்று பேரும் டீக்கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைச் சேற்றின் மேல் கிடத்தித் தள்ளிக்கொண்டே போனபோது தண்ணீர் அப்பாவின் நெஞ்சுக்கு வந்திருந்தது. அவரைக் குப்புற அதன்மேல் இழுத்துப் போட்டார்கள். வேட்டி சேற்றோடு போய்விட்டதால் போர்வை போர்த்தி, நால்வராக அந்த பெஞ்சிலேயே சுமந்து வந்தார்கள். தெருவில் அதைப் பார்த்த ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். போர்வைக்குள்ளிருந்து அப்பா தலையை உயர்த்தி, "இன்னும் இல்ல, தாயி," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் வெகுகாலம் இருந்து, உலர்ந்த கட்டிலில்தான் போய்ச் சேர்ந்தார். போன மார்கழியில் நான் மட்டும் அங்கே போனேன். டீக்கடை இல்லை, அத்தை தன் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். நாங்கள் நடந்த வெளி முழுக்கக் கரை கட்டி, கம்பி வேலி போட்டு, இறால் பண்ணைகள். மோட்டார்கள் இரைந்தன. வெள்ளைக் கோட்டைக் காணோம். அப்பாவை விழுங்கப் பார்த்த சேற்றையே யாரோ விழுங்கிவிட்டிருந்தார்கள்.

வீடு திரும்பி, அந்தச் சதுப்பே இல்லாமல் போய்விட்டது என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை.

"போனாப் போகுது. ஒங்கப்பா சட்டைய எத்தன தண்ணி மாத்தி அலசியும் அந்த நாத்தம் போகல. அதுக்கு அம்புட்டுத் தூரம் எதுக்குப் போகணும்? நம்ம செல்லூர் சாக்கட வாய்க்கால்லயே இறங்கியிருக்கலாம்ல."