கடைசி பெஞ்சுக்குக் கேட்காதது

ஆராதனை முடிந்து வாசலில் போதகரின் கையைக் குலுக்கும்போதெல்லாம் தையல்காரர் ஒன்றையே சொல்வார்: "அருமையான பிரசங்கம் ஐயா." பதினோரு வருடப் பழக்கம் அது. உண்மையில் போதகர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் விழுங்கிவிடுவார். கடைசி பெஞ்சில் உட்காரும் தையல்காரருக்குப் பாதிப் பேச்சு கேட்டதே இல்லை. ஒரு ஞாயிறு, "இன்னைக்கு நீங்க முடிச்ச விதம்தான் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு" என்று தாராளமாக வேறு சேர்த்துவிட்டார்.

போதகரின் முகம் சுருங்கிப்போனது. "மாற்றலாகிப் போறேன்னு சொல்லித்தானே முடிச்சேன். நான் போறது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா அண்ணே?"

தையல்காரருக்கு உடம்பே கூசியது. பக்கத்தில் நின்ற மனைவி காதோரமாகக் கடிந்துகொண்டாள்: "இவர் பேசுறது கேக்கலைன்னு வீட்டுல என்கிட்ட புலம்பத் தெரியுது. அடுத்தவன் தச்ச சட்டையில ஒரு நூல் பிரிஞ்சா ஊரையே கூட்டுறீங்க. இவர்கிட்ட மட்டும் வாயைத் தச்சுக்கிட்டீங்களா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நல்லபடியா போயிட்டு வாங்க ஐயா" என்றுதான் வாயில் வந்தது.

போதகர் போன ஊரிலும் கடைசி பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். 'முடிக்கும்போது குரலை இறக்காதீங்க ஐயா' என்ற அந்த ஒரு வரியைத் தையல்காரர் அவருக்கு இன்னும் சொல்லவில்லை.